கொங்கு நாட்டில் பிரிட்டிஷ் நாணயங்களும் அரச பதக்கங்களும்

கொங்கு நாடு 1799-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. அதிலிருந்து 1947 வரை இப்பகுதியில் பிரிட்டிஷ் நாணயங்கள் பல உலோகங்களில் புழங்கின. அரசின் பெயரால் வழங்கப்பட்ட பதக்கங்களும் பட்டச் சின்னங்களும் இங்கு வந்து சேர்ந்தன. இன்றைய திருப்பூர் மாவட்டம் 2009-இல் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அதன் பருத்திச் சந்தை ஊர்களில் இந்த நாணயங்கள் பணமாக மட்டும் இருக்கவில்லை. தாலிக்கொடியில் கோத்த காசாகவும், பூசைப் பெட்டியின் வெள்ளி ரூபாயாகவும், தட்டாரின் எடைக்கல்லாகவும் இருந்தன. இன்று இங்கே பழைய நாணயம் சேகரிக்கும் ஒருவர் தேடுவது, உருக்குப் பாத்திரத்திலிருந்து தப்பியவற்றைத்தான்.

முன்னோர் சேகரிப்பு

அயல்நாட்டுக் காசு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நொய்யல் கரையிலுள்ள கொடுமணல், கோவையை அடுத்த வெள்ளலூர், திருப்பூர் அருகிலுள்ள கத்தாங்கண்ணி ஆகியவை ரோமானிய வணிகத்தோடு பேசப்படும் ஊர்கள். வெள்ளலூரில் 1842-இல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கத்தாங்கண்ணியில் 1913-இல் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் 233 கிடைத்தன. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் சிலவற்றில் துளையும் வளையமும் உண்டு. பேரரசரின் தலையைக் கழுத்தில் அணியும் பழக்கம் விக்டோரியா ராணியின் காலத்தில் தொடங்கியதல்ல.

இவற்றை முறையாகத் திரட்டத் தொடங்கியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். சென்னை அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. இதன்பின் மாவட்டங்களில் உழவில் அகப்பட்ட பானைகள் கலெக்டர் கச்சேரி வழியாக எழும்பூருக்குச் செல்லும் வழி ஏற்பட்டது. சட்டத்துக்கு அஞ்சிக் கண்டெடுத்த அன்றே உருக்கிவிட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் கணக்கு எந்தப் பட்டியலிலும் வராது.

சர் வால்டர் எலியட் சென்னை மாகாண அரசுப் பணியில் பல்லாண்டுகள் இருந்தவர். அமராவதிச் சிற்பங்களோடு பெயர் இணைந்தவர். தென்னிந்திய நாணயங்கள் பற்றிய அவருடைய நூல் 1880-களின் நடுவில் வெளிவந்தது. அப்போது அவர் ஸ்காட்லாந்தில் பார்வை மங்கிய முதியவர். ஜார்ஜ் பீடி என்ற மருத்துவர் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தபோது வராகன் காசுகளைப் பற்றி எழுதினார். கேப்டன் டஃப்னெல் 1889-இல் தென்னிந்திய நாணயச் சேகரிப்பாளர்களுக்கான குறிப்புகளை ஒரு சிறுநூலாக வெளியிட்டார். நாணயம் சேர்ப்பது எப்படி என்று நேரடியாகச் சொல்ல வந்த நூல் என்ற வகையில் அது இந்நாட்டில் முன்னோடி.

இவர்களில் இக்கட்டுரைக்கு மிக நெருக்கமானவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளால் அறியப்படுபவர். 1885 முதல் 1908 வரை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் அடிக்கப்பட்ட நாணயங்களின் வரலாற்றையும், சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அத்தகைய நாணயங்களின் பட்டியலையும் சேர்த்து 1890-இல் வெளியிட்டார். அதுவரை சேகரிப்பாளர்களின் கண் பழைய அரசுகளின் காசுகள் மேலேயே இருந்தது. கம்பெனி காசு அன்றாடப் பணம். அதை யார் சேர்ப்பார்கள்? சென்னை நாணயச்சாலை 1869-இல் மூடப்பட்டு இருபது ஆண்டுகள் கழிந்த நிலையில், ஆட்சியாளர்களின் சொந்தக் காசும் வரலாறாகிவிட்டது என்பதைத் தர்ஸ்டனின் பட்டியல் ஒப்புக்கொண்டது.

வராகனிலிருந்து ரூபாய்க்கு

கம்பெனியின் ஆட்சி வந்தவுடன் கம்பெனியின் காசு வந்துவிடவில்லை. திப்பு சுல்தானின் நாணயங்களும், வீரராயன் பணம் என்ற சிறு பொற்காசும், பலவகை வராகன்களும் சந்தைகளில் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு ஊர் வேறு விலை. சராப்பு எனப்பட்ட நாணய மாற்றுக்காரர் இன்றி வரி கட்டுவதே கடினம். 1800-1801-இல் கொங்கு வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் சென்ற இடங்களில் விளைச்சலோடும் நெசவோடும் நாணயங்களையும் விசாரித்து எழுதியது இதனால்தான்.

சென்னை நாணயச்சாலையின் அடையாளக் காசு நட்சத்திர வராகன். ஒரு பக்கம் விஷ்ணு உருவம், மறுபக்கம் நட்சத்திரம். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது சென்னைக் கணக்கு. கிறிஸ்தவ வணிகக் கம்பெனி ஒன்று விஷ்ணுவை அச்சிட்டதற்குக் காரணம் பக்தியல்ல. அந்த உருவம் இல்லாத பொன்னை இங்கே யாரும் நம்பி வாங்கமாட்டார்கள்.

1807-1808-இல் வெளியான வெள்ளிக் கால் வராகனும் அரை வராகனும் தமிழ்ச் சேகரிப்பாளர்களுக்குத் தனி மகிழ்ச்சி தருபவை. ஒரு பக்கம் கோயில் கோபுரம், அதைச் சுற்றி ஆங்கிலமும் பாரசீகமும். மறுபக்கம் விஷ்ணு, அவரைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் காசின் பெயர். தமிழ் எழுத்து பொறித்த பிரிட்டிஷ் நாணயம் என்பதே இதன் சிறப்பு. நூறு ஆண்டு கழித்து ஏழாம் எட்வர்டு காலத்தில் வந்த ஓரணா நிக்கல் காசில் உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு ஆகிய எழுத்துகள் இருந்தன, தமிழ் இல்லை.

1818-இல் சென்னை மாகாணம் வராகனை விட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது மாற்று விகிதம். 1835-ஆம் ஆண்டின் சட்டம் கம்பெனி நாடு முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்து, நான்காம் வில்லியம் மன்னரின் தலையை அதில் பதித்தது. 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம் எடை. இந்த எடைதான் ஒரு தோலா. காசையே எடைக்கல்லாகப் பயன்படுத்த இதுவே வழி செய்தது. எண்பது ரூபாய் எடை ஒரு சேர் என்பது பழைய கடைக்காரர்களின் கணக்கு.

மூழ்கிய காசு

சென்னைக்காக இங்கிலாந்தில் அடிக்கப்பட்ட செப்புக் காசுகள் தனிக் கதை. பர்மிங்காமின் சோஹோ ஆலையில் மேத்யூ போல்டன் நீராவி இயந்திரம் கொண்டு 1803-இல் 20, 10, 5, 1 காசு நாணயங்களை அடித்து அனுப்பினார். இருபது காசில் கம்பெனியின் சின்னமும் மறுபக்கம் பாரசீக எழுத்தும் இருக்கும். கையால் அடித்த காசுக்குப் பழகிய சந்தைக்கு, எல்லாம் ஒரே வட்டமாக, ஒரே கனமாக வந்தது புதுமை.

1808 என்று பொறித்த 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டினர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களின் நடுவில் மூழ்காளர்கள் அதிலிருந்து சுமார் பத்து லட்சம் காசுகளை வெளியே எடுத்தனர். நம் ஊர்ச் சந்தையில் ஒரு நாளும் கைமாறாத அந்தக் காசுகள்தான் இன்று உலகச் சந்தையில் மிக மலிவாகவும் மிகத் தெளிவாகவும் கிடைக்கும் சென்னைக் காசுகள். உப்புநீர் அரித்த மேற்பரப்பு அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். சென்னைக்கு வந்து சேர்ந்து, பல கைகள் தேய்த்து, எழுத்து அழிந்துபோன 1803-ஆம் ஆண்டு இருபது காசுக்கு இதைவிடக் குறைந்த விலையே கிடைக்கலாம். இந்த வட்டாரத்தின் வரலாற்றைத் தேடுபவருக்கு மதிப்புள்ளது தேய்ந்த காசுதான்.

சவரன்

தமிழில் பொன்னின் அளவையாகவே மாறிவிட்ட பிரிட்டிஷ் நாணயம் சவரன். 'சாவரின்' என்ற நாணயப் பெயர் சவரன் ஆயிற்று. 'பவுண்ட்' என்பது பவுன் ஆயிற்று. இன்று நகைக்கடையில் ஒரு பவுன் என்றால் 8 கிராம். அசல் நாணயத்தின் எடை 7.988 கிராம். 22 காரட் தரம். அதிலுள்ள தூய தங்கம் சுமார் 7.32 கிராம். நகைகளில் இன்று காணும் 916 என்ற முத்திரையும் அதே 22 காரட்டைக் குறிக்கும் எண்தான். இங்கிலாந்தின் பண முறையிலிருந்து தங்க நாணயம் விலகிவிட்டது. திருப்பூர்க் கல்யாண வீட்டில் எத்தனை பவுன் என்ற பேச்சு ஓயவில்லை.

நவீன சவரன் 1817-இல் லண்டனில் வெளியானது. பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியக் கலைஞர் வரைந்த, குதிரைமேல் அமர்ந்து நாகத்தை வெட்டும் புனித ஜார்ஜ் உருவம் அதன் பின்புறம். அய்யனாரையும் மதுரைவீரனையும் கண்டு பழகிய ஊர்களில் அந்தக் குதிரை வீரனுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. முன்புறம் விக்டோரியாவின் தலை மூன்று பருவங்களில் வருகிறது: 1838 முதல் இளம் வயதுத் தலை, 1887 முதல் சிறிய கிரீடம் சூடிய பொன்விழாத் தலை, 1893 முதல் முக்காடிட்ட முதிய தலை. அதன்பின் எட்வர்டு, ஜார்ஜ். லண்டன் தவிர ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்போர்ன், பெர்த் நகரங்களிலும் அடிக்கப்பட்டன. குதிரையின் அடியிலோ ராணியின் கழுத்தடியிலோ உள்ள சிறு ஆங்கில எழுத்து எந்த ஊர்க் காசு என்று சொல்லும். எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்போர்ன், பி என்றால் பெர்த். காசுமாலைக்காகப் பற்றவைக்கும்போது அதிகம் சேதமாவது விளிம்பும் அதன் அருகிலுள்ள எழுத்துகளும். கழுத்தடி எழுத்து பெரும்பாலும் தப்பிவிடும்.

1893-இல் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை நிறுத்தின. 1899-இல் சவரன், 15 ரூபாய்க்குச் சமமான செலாவணி நாணயமாக இந்தியாவில் சட்டப்படி ஏற்கப்பட்டது. கொங்கு நாட்டுக்கு இது நல்ல நேரத்தில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி இங்கே பரவியது. கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் நீண்ட இழையோடு விளைந்த அந்தப் பருத்தி நல்ல விலை பெற்றது. ரயில் நிலையம் இருந்த திருப்பூர் பருத்திச் சந்தையாகவும் அரவை ஆலைகளின் ஊராகவும் வளர்ந்தது. பனியன் தொழில் 1920-களில் இங்கே கால் ஊன்றியபோது, அதற்கு முன்பே பருத்திப் பணம் இருந்தது. வங்கிகள் எட்டாத தோட்டக்காரக் குடும்பத்துக்குச் சேமிப்பு என்றால் நிலம், மாடு, பொன். சவரன் எடை மாறாதது. தட்டார் உரசிப் பார்க்காமலே தரம் தெரிந்தது. இந்தியா தங்கத்தை விழுங்கிப் புதைக்கிறது என்பது அக்கால லண்டன் பொருளியலாளர்களின் வழக்கமான குறை. கெய்ன்ஸ் 1913-இல் இந்திய நாணயம் பற்றி எழுதிய நூலிலும் இப்பேச்சு உண்டு. மழை பொய்த்த ஆண்டில் விதை வாங்கவும் கிணற்றை ஆழப்படுத்தவும் அந்தப் 'புதைத்த' பொன்தான் வெளியே வந்தது என்பதை அவர்கள் குறைவாகவே பேசினர்.

முதல் உலகப் போரில் தங்கம் கடல் கடந்து வருவது அபாயமானது. வெள்ளிக்கும் தட்டுப்பாடு. 1917 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டும், 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய் நோட்டும் வந்தன. 1918-இல் பம்பாயில் லண்டன் நாணயச்சாலையின் கிளை ஒன்று திறக்கப்பட்டு, சுமார் 13 லட்சம் சவரன்கள் அடிக்கப்பட்டன. அவற்றில் ஐ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 1919-இல் கிளை மூடப்பட்டது. அதே 1918-இல் சவரனின் எடையும் தரமும் கொண்ட 15 ரூபாய்ப் பொற்காசும் பம்பாயில் அடிக்கப்பட்டது. குதிரை வீரனுக்குப் பதில் மதிப்பு பொறித்தது. ஓர் ஆண்டு மட்டும் வந்த இந்த இரண்டும் இந்தியச் சேகரிப்பாளர் தேடும் காசுகளில் முன்வரிசையில் நிற்பவை. ஆனால் காசுமாலையில் கோத்திருக்கும் சவரனின் ஆண்டையும் எழுத்தையும் பார்த்துவிட்டு விற்பவர்கள் குறைவு. தராசு எடையை மட்டுமே சொல்லும்.

1920-இல் சவரனின் சட்ட மதிப்பு 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. வெளிச்சந்தையில் அதற்கு மேல் விலை இருந்ததால் யாரும் அதைக் கஜானாவில் கொடுக்கவில்லை. 1927-ஆம் ஆண்டின் சட்டம் சவரனைச் செலாவணியிலிருந்தே நீக்கியது. பணமாக இருந்த காசு அன்று முதல் முழுக்க நகையாயிற்று.

பொன் வெளியேறிய காலம்

1929-க்குப் பிந்தைய பெருமந்தத்தில் பருத்தி விலை சரிந்தது. நிலவரியும் கடனும் சரியவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நியமத்தைக் கைவிட்டது. ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் தங்கத்தின் ரூபாய் விலை உயர்ந்தது. நாடெங்கும் கிராமங்களிலிருந்து நகைகளும் சவரன்களும் விற்பனைக்கு வந்து, பம்பாய் வழியாக லண்டனுக்குக் கப்பலேறின. இதைத் துயரத் தங்கம் என்றே அன்றைய பொருளியல் விவாதங்கள் குறித்தன. நல்ல விலைக்கு விற்று மக்கள் லாபம் பார்க்கிறார்கள் என்றது அரசுத் தரப்பு. கடனுக்காகத் தாலிக்கொடிக் காசைக் கழற்றியவருக்கு அது லாபமாகத் தெரிந்திருக்க வழியில்லை. ஆஸ்திரேலியாவில் அடித்து, கொங்கில் கால் நூற்றாண்டு கழுத்தில் கிடந்து, லண்டனில் கட்டியாக உருகிய சவரன்கள் எத்தனை என்று கணக்கிட முடியாது. பழைய காசுமாலை ஒன்று இன்று முழுதாகக் கிடைத்தால், அது அந்த ஆண்டுகளைத் தாண்டி வந்த மாலை.

திருப்பூரில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936-இல் தொடங்கியதும் இதே நெருக்கடியின் தொடர்ச்சிதான். எடையிலும் தரகிலும் உழவர் ஏமாறாமல் காக்கும் நோக்கில் அது வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் இன்னொரு அடி விழுந்தது. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புதிய நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது என்ற விதியால் பொற்கொல்லர்கள் வேலையிழந்தனர். 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு 1990 வரை நீடித்தது. கட்டித் தங்கம் வைத்திருக்கத் தடை. வரம்புக்கு மேற்பட்ட பொருள்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். தங்க நாணயத்தைத் தனிக் காசாக வெளிப்படையாகச் சேகரிப்பது இந்தக் கால் நூற்றாண்டில் எளிதான பொழுதுபோக்காக இல்லை.

வெள்ளி ரூபாய்கள்

வெள்ளியில் சேகரிப்பது எளிது, செலவும் குறைவு. 1840 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் பல ஆண்டுகள் அதே தேதியோடு அடிக்கப்பட்டது. 1862 தேதியும் அப்படியே. தேதிக்குக் கீழுள்ள சிறு புள்ளிகளை எண்ணி ஆண்டு கண்டுபிடிக்கச் சேகரிப்பாளர்கள் முயல்வர். 1877-இல் விக்டோரியா இந்தியாவின் பேரரசி ஆனதும் ராணி என்ற சொல் நாணயத்தில் பேரரசி என்று மாறியது.

1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்குப் பன்றி ரூபாய் என்று பெயர். மன்னரின் அங்கியில் தொங்கும் யானைச் சின்னத்தின் துதிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்து, பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்ததும் வெளியீடு நிறுத்தப்பட்டு, 1912-இல் யானை திருத்தப்பட்டது. 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் புலி உருவத்தோடு நிக்கல் ரூபாய் வந்தது. ஆறாம் ஜார்ஜின் 1939 தேதியிட்ட ரூபாய் அரிது. அரிது என்பதாலேயே 1938-இன் கடைசி எண்ணைச் சுரண்டி ஒன்பதாக்கிய காசுகளைக் குறித்து எச்சரிக்கை தேவை. போர்க் காலத்தில் 1943 முதல் வந்த ஓட்டைக் காலணாவை ஆலைகளில் வாஷராகப் போட்டார்கள் என்று சொல்வதுண்டு. செம்பு மிச்சம் பிடிக்கத்தான் நடுவில் ஓட்டை.

பதக்கங்கள்

கொங்கு வரலாற்றோடு நேரடித் தொடர்புள்ள முதல் பிரிட்டிஷ் பதக்கம் 1799-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம். திப்பு வீழ்ந்த அந்த வெற்றிதான் கொங்கு நாட்டைக் கம்பெனிக்குக் கொடுத்தது. கூக்லர் என்ற கலைஞர் வடிவமைத்தார். பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியை வீழ்த்தும் காட்சி ஒரு பக்கம், கோட்டை முற்றுகை மறுபக்கம். சோஹோ ஆலையில் அடித்து, போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தே வழங்கினர். தகுதிக்கேற்ப உலோகம்: மேல்நிலையினருக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். வெள்ளீயம் காலத்தால் கறுத்துப் பொரிந்துவிடும். சென்னைப் படையின் சிப்பாய்கள் பெற்ற பதக்கங்கள் நல்ல நிலையில் அரிதாகவே கிடைப்பதற்கும், அதிகாரிகளின் பதக்கங்கள் ஏலங்களில் பளபளப்பதற்கும் காரணம் இந்த உலோகப் படிநிலைதான். அந்தச் சிங்கம் புலியை வென்ற பதக்கம் சிப்பாய்களின் கையில் புதிதாக இருந்த காலத்தை ஒட்டித்தான், திப்புவின் அணியில் நின்ற தீரன் சின்னமலை 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். காங்கேயம் வட்டாரத்தின் நினைவில் இருப்பது அவர் பெயர். அவருக்குப் பதக்கம் இல்லை.

அரச விழாப் பதக்கங்கள் பின்னர் வந்தவை. 1877-இல் பேரரசிப் பதக்கம், 1903-லும் 1911-லும் தில்லி தர்பார் பதக்கங்கள், 1935-இல் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழா, 1937-இல் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு. 1911 தர்பார் பதக்கம் வெள்ளியில் 26,000-க்கும் மேல் வழங்கப்பட்டது. பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். ஆகவே அது யாருடையது என்பதற்குக் குடும்பக் கடிதமோ புகைப்படமோ இருந்தால்தான் வரலாற்று மதிப்பு. இவற்றோடு, விழாக்களுக்காகத் தனியார் அடித்து விற்ற மலிவு உலோகச் சின்னங்களையும் பதக்கம் என்றே விற்பார்கள். அவை அரசு விருதுகள் அல்ல.

போர்ப் பதக்கங்கள் வேறு வகை. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டன. கூலிப்படையினருக்கும் பின்தொடர்ந்த பணியாளர்களுக்கும் அதன் வெண்கல வடிவம் தரப்பட்டது. மெசபடோமியாவுக்குச் சுமை தூக்கச் சென்ற ஒருவரின் பெயர் எழுதப்பட்ட ஒரே பொருள் அந்த விளிம்பாக இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரின்றித் தந்த நட்சத்திரப் பதக்கங்களை இந்திய வீரர்களுக்குப் பெயர் பொறித்தே கொடுத்தனர். 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை ஏறியபோது உலகெங்கும் இத்தகைய வெள்ளிப் பதக்கங்கள் உருக்கப்பட்டன. சேகரிப்பாளர் முதலில் பார்க்க வேண்டியது முகத்தையல்ல, விளிம்பை.

உள்ளூர்ப் பிரமுகர்களின் பெட்டிகளில் இருந்தவை பட்டச் சின்னங்கள். திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் என்ற மூன்று படிகளுக்கும் 1911-இல் கழுத்தில் அணியும் சின்னம் ஏற்படுத்தப்பட்டது. ரிப்பனின் நிறம் படியைக் காட்டும். அதற்கும் மேலே வீரத்திருத்தகை விருதுகள். கோவையின் ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1933-இல் கே.சி.ஐ.இ. பெற்று 'சர்' ஆனார். 1944-இல் பிரெட்டன் வுட்ஸ் நாணய மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவர். 1947 நவம்பரில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை அளித்தவரும் அவரே.

மறுத்தவர்களும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் 1918-இல் கே.சி.ஐ.இ., திவான் பகதூர் பட்டங்களைத் துறந்தார். காந்தி 1920 ஆகஸ்ட் 1 அன்று கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தையும், தென்னாப்பிரிக்காவில் பெற்ற போயர் போர், ஜூலு போர்ப் பதக்கங்களையும் வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். ஒத்துழையாமை இயக்கத்தின் முதல் நிபந்தனைகளில் ஒன்று பட்டம் துறத்தல். 1932 ஜனவரியில் திருப்பூர்த் தெருவில் கொடியேந்திச் சென்று தடியடிபட்ட குமரன் 11-ஆம் தேதி இறந்தார். அதன்பின் அந்த ஊரில் ஆங்கிலேயப் பட்டச் சின்னத்தை மாட்டிக்கொண்டு நடப்பது முன்போல் எளிதாக இருந்திருக்காது. சுதந்திரம் வந்ததும் இவை பல வீடுகளில் பரணுக்குச் சென்றன. பேரப்பிள்ளைகள் இறக்கும்போது அவை வெறும் வெள்ளி.

போலிகள்

கொங்குப் பகுதியில் பழைய நாணயம் என்றவுடன் கூடவே வருவது மோசடி. 1818, 1616 போன்ற ஆண்டுகளும் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற பெயரும் பொறித்து, ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ உள்ள பித்தளை, செம்புக் காசுகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. கம்பெனி இப்படி எந்த நாணயமும் வெளியிடவில்லை. சென்னைக் காசுகளில் விஷ்ணு உருவம் உண்மையில் இருந்தது என்பது இந்தப் போலிகளுக்கு ஒரு நம்பகத்தன்மையைக் கொடுத்துவிட்டது. இவற்றுக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு, இரிடியம் கலந்தது, வெளிநாட்டு நிறுவனம் கோடிகளுக்கு வாங்கும் என்று சொல்லி முன்பணம் பறிக்கும் 'ரைஸ் புல்லிங்' கும்பல்கள் தமிழ்நாட்டில் பலமுறை கைதாகியுள்ளன. அரிசி ஒட்டுவதற்குக் காந்தமும், அரிசியில் கலந்த இரும்புத் தூளும் போதும். நிலத்தை விற்றுப் பணம் கொடுத்தவர்களுக்குக் கையில் மிஞ்சுவது பித்தளை வில்லை.

விலையுயர்ந்த போலி சவரன்கள் வேறு தரத்தவை. சரியான தங்கத்தில், சரியான எடையில் செய்து அரிய ஆண்டைப் பொறித்தவை உண்டு. எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர் என்ற இரண்டும் சரியாக இருந்தாலும் எழுத்தின் கூர்மையும் விளிம்பின் வரிகளும்தான் தீர்ப்புச் சொல்லும். ரூபாயில் எடையே பெரும்பாலும் போதும்.

அசல் காசைப் பாழாக்குவதில் வீட்டார் எந்தப் போலிக்காரருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆயுத பூசைக்கு முன் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்த வெள்ளி ரூபாய் பளபளக்கும். அதன் மேலிருந்த நூறாண்டுப் படலமும், அதோடு சேகரிப்பு மதிப்பில் பாதியும் போய்விடும்.

சட்டமும் இன்றைய நிலையும்

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயங்கள் தொல்பொருள்கள். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. விக்டோரியா, எட்வர்டு காசுகள் அனைத்தும் இந்த வரம்பைக் கடந்துவிட்டன. பன்றி ரூபாய் 2011-இல் கடந்தது. பம்பாய் சவரன் 2018-இல் கடந்தது. ஆண்டுதோறும் ஐந்தாம் ஜார்ஜின் இன்னொரு வரிசைக் காசு தொல்பொருள் ஆகிறது. கண்டெடுத்த புதையலுக்கு 1878-ஆம் ஆண்டின் சட்டம் இன்றும் பொருந்தும்.

சவரன் அடிப்பதும் இந்தியாவுக்குத் திரும்பியது. 2013 முதல் பிரிட்டனின் ராயல் மிண்ட் உரிமத்தோடு எம்.எம்.டி.சி. – பாம்ப் நிறுவனம் இந்தியாவில் சவரன் தயாரித்தது. 1918-இன் பம்பாய்க் காசில் இருந்த அதே ஐ என்ற எழுத்து அதிலும் பொறிக்கப்பட்டது.